பல்பு அணைந்த பிறகும் லைனில் கரண்ட்

எதிர் வீட்டு மாமாவுக்கு வியாழக்கிழமை பித்தப்பை ஆபரேஷன். ஞாயிறு சாயங்காலம் எங்கள் திண்ணைக்கு வந்து உட்கார்ந்தார். மின்வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா கொடுத்த டீயை வாங்கினார். சட்டைப் பையிலிருந்து எதையோ எடுத்து வாயில் போட்டு, டீயிலேயே விழுங்கினார். பிறகு சுற்றி வளைக்காமல் கேட்டார்:

"ஏம்மா, மயக்கம் குடுத்துட்டு அறுப்பீங்க. சரி. உள்ள எனக்கு வலிச்சா உனக்கு எப்படித் தெரியும்?"

நான் மயக்க மருந்து டாக்டர். ஆபரேஷனுக்கு வருபவர்கள் என்னிடம் கேட்பது வழக்கமாக இரண்டு கேள்விகள்தான். நடுவில் முழிப்பு வந்துவிடுமா? கடைசியில் முழிப்பு வராமல் போய்விடுமா? மாமா கேட்டது மூன்றாவது. எங்கள் தொழிலுக்குள்ளேயே இன்னும் முழுசாகத் தீராத கேள்வி அது.

"டீயைக் குடிங்க மாமா, இது கொஞ்சம் நீளும்" என்றேன்.

முதலில் வலி என்ற சொல்லையே கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். வலி ஆய்வுக்கான சர்வதேசச் சங்கம் 1979-இல் அதற்கு ஒரு விளக்கம் எழுதி, 2020-இல் திருத்தியது. இரண்டிலுமே வலி என்பது ஓர் அனுபவம். உடம்பும் மனசும் சேர்ந்து படுகிற இன்னல். அனுபவம் என்றால் அனுபவிக்க ஒருவர் உள்ளே இருக்க வேண்டும். ஆழ்ந்த மயக்கத்தில் அந்த ஆள் வீட்டில் இல்லை. அப்படியானால் வலியும் இல்லை என்றுதான் கணக்கு.

ஆனால் கத்தி தோலைக் கீறும்போது தோலில் இருக்கும் நரம்பு முனைகளுக்கு நீங்கள் தூங்குவது தெரியாது. அவை பாட்டுக்குச் சேதி அனுப்பும். சேதி நரம்பு வழியாகத் தண்டுவடத்துக்குப் போகும், அங்கிருந்து மூளையின் அடித்தண்டுக்கு ஏறும். அங்கே பல்ஸையும் பிபியையும் வியர்வையையும் ஆளுகிற இடங்கள் விழித்துக்கொண்டு வேலையைத் தொடங்கிவிடும். காயத்தின் சேதியை நரம்புகள் எடுத்துச் செல்லும் இந்த வேலைக்குச் சார்ல்ஸ் ஷெரிங்டன் என்ற ஆங்கிலேய உடலியல் அறிஞர் 1906 வாக்கில் ஒரு பெயர் வைத்தார்: நோசிசெப்ஷன். ஊறு செய்தல் என்ற பொருள்தரும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது.

மாமா தலையை ஆட்டினார். "புரியுது. பல்பை அணைச்சுட்டீங்க. ஆனா லைன்ல கரண்ட் ஓடிட்டுதான் இருக்கு."

இத்தனை வருஷம் மாணவர்களுக்குப் படம் போட்டு விளக்கியதை அவர் ஒரே வரியில் முடித்துவிட்டார். இனி இந்தப் பத்தி முழுக்க அந்த உவமையைக் கடன் வாங்கிக்கொள்கிறேன்.

"பல்பு எரியலைன்னா கரண்ட் ஓடினா என்ன, ஓடாட்டி என்ன?" என்று அவரே அடுத்ததையும் கேட்டார். ஓடினால் உடம்பு விலை கொடுக்கிறது. பல்ஸ் எகிறும், பிபி ஏறும், அட்ரினலினும் கார்டிசோலும் ரத்தத்தில் கொட்டும். இதய ரத்தக்குழாயில் அடைப்பு உள்ளவருக்கு அந்தப் பத்து நிமிஷம் போதும், வேறு வினை வேண்டாம். இன்னொன்றும் உண்டு. ஓயாமல் சேதி வந்து மோதினால் தண்டுவடம் சூடேறிப் போகும். அதற்குப் பிறகு சின்னத் தொடுகையைக்கூடப் பெரிய அடியாக எடுத்துக்கொள்ளும். கிளிஃபோர்ட் வுல்ஃப் 1983-இல் விலங்குகளில் இதைக் காட்டினார். மயக்கத்தில் கவனிக்காமல் விட்டது, முழிப்பு வந்தபின் வார்டில் வலியாக வந்து நிற்கக்கூடும்.

முழு மயக்கம் என்று நாம் சொல்வது ஒரே மருந்து இல்லை. தூங்க வைக்க ஒன்று: பால் மாதிரி வெள்ளையாக இருக்கும் ப்ரோபோஃபால், அல்லது மூச்சில் கலந்து போகும் சீவோஃப்ளூரேன் போன்ற வாயு. வலிச் சேதியைத் தடுக்க இன்னொன்று: ஃபென்டனில் மாதிரி. தசையைத் தளர்த்த மூன்றாவது: வெக்யூரோனியம், அட்ராக்யூரியம் வகையறா. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு லிவர்பூலில் செசில் கிரே என்ற மயக்கவியல் மருத்துவர் இந்த மூன்றையும் தனித்தனியாகக் கையாளும் முறையை நிலைநிறுத்தினார்.

"மூணு ஃபேஸுன்னு சொல்லு" என்றார் மாமா.

அதேதான். மூன்று ஃபேஸில் ஒன்று போனாலும் மற்ற இரண்டைப் பார்த்து எல்லாம் சரியாக இருக்கிறது என்று நினைத்துக்கொள்ள வாய்ப்புண்டு. சிக்கலே அங்கேதான்.

ஈதர் காலத்தில் இந்தச் சிக்கல் கிடையாது. 1846 அக்டோபர் 16 அன்று பாஸ்டனில் மார்ட்டன் ஈதரைக் காட்டினார். அதன்பின் ஏறக்குறைய நூறு வருஷம், ஒரே புகை எல்லா வேலையையும் செய்தது. ஆழம் போதவில்லை என்றால் நோயாளி உடம்பே சொல்லிவிடும்: கையைக் காலை உதறுவார், மூச்சைப் பிடிப்பார், முனகுவார். முதல் உலகப் போரில் பிரான்ஸில் இருந்த அமெரிக்க மருத்துவர் ஆர்தர் கெடல், பல முகாம் மருத்துவமனைகளுக்கு மோட்டார் சைக்கிளில் ஓடி ஓடி மயக்கம் கொடுத்தவர். அவசரமாகப் பழக்கப்பட்ட உதவியாளர்களுக்காக ஒரு அட்டவணை போட்டார். மூச்சு எப்படி இருக்கிறது, கண்விழி உருள்கிறதா, கண் பாப்பா எவ்வளவு விரிந்திருக்கிறது என்று பார்த்தாலே ஆழம் தெரியும். எங்கள் பாடப்புத்தகத்தில் அது இன்றும் இருக்கிறது. ஈதர்தான் இல்லை.

1942 ஜனவரி 23 அன்று மாண்ட்ரியலில் ஹெரால்ட் கிரிஃபித், குடல்வால் ஆபரேஷனுக்கு வந்த ஓர் இளைஞருக்குக் கியூராரே கொடுத்தார். தென்னமெரிக்கப் பழங்குடிகள் அம்பு நுனியில் தடவிய நஞ்சு. தசைகள் துவண்டு போயின. சர்ஜனுக்கு வயிற்றைத் திறப்பது சுலபமாயிற்று. மிக நல்ல விஷயம். இன்று நெஞ்சையும் வயிற்றையும் திறக்கிற பெரிய ஆபரேஷன்கள் இந்த வகை மருந்தை நம்பித்தான் நடக்கின்றன. ஆனால் அன்றோடு நோயாளி பேசிக்கொண்டிருந்த பாஷை போய்விட்டது. அசைய முடியாதவர் எதை அசைத்துச் சொல்வார்?

அதைவிட மோசம், கியூராரேவே தூங்கவும் வைக்குமோ என்று சிலருக்கு அப்போது சந்தேகம் இருந்தது. தீர்த்துவைத்தவர் ஸ்காட் ஸ்மித் என்ற மயக்க மருத்துவர். சால்ட் லேக் சிட்டியில், தன் உடம்பிலேயே. மூச்சை நிறுத்தப் போதுமான அளவைப் போல இரண்டரை மடங்கு கியூராரேவை ஏற்றிக்கொண்டார்; தூக்க மருந்து துளியும் இல்லை. நண்பர்கள் மூச்சு கொடுத்து உயிரோடு வைத்திருந்தார்கள். புருவம் கூட அசையாமல் கிடந்தார். மருந்து இறங்கியபின் நடந்தது அத்தனையும் ஒப்பித்தார்: யார் என்ன பேசினார்கள், எங்கே குத்தினார்கள், எவ்வளவு வலித்தது. 1947-இல் கட்டுரையாக வந்தது. தசை தளர்த்தி தசையை மட்டும்தான் தளர்த்தும் என்பது அப்படித்தான் ஐயமறத் தெரிந்தது. அவருக்கு எங்கள் துறை ஒரு சிலை வைத்திருக்கலாம்.

"அசையலைன்னா ஷாக் அடிக்கலைன்னு அர்த்தம் இல்ல" என்றார் மாமா. "பிடிச்சுக்கிட்ட கை விடவே விடாது, பார்த்திருக்கேன்." அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் பேசவில்லை. அவர் யாரை நினைத்துக்கொண்டார் என்று நான் கேட்கவில்லை.

அசைந்தால் வலிக்கிறது என்று அர்த்தமா? இதற்கு வந்த பதில் எனக்கு இன்னும் வியப்புதான். மயக்க வாயு எவ்வளவு வேண்டும் என்பதற்கு 1965-இல் எட்மண்ட் ஈகரும் கூட்டாளிகளும் ஒரு அளவுகோல் தந்தார்கள். மேக் என்று சுருக்கமாகச் சொல்வோம். தோலைக் கீறும்போது நூற்றுக்கு ஐம்பது பேர் அசையாமல் இருக்கத் தேவையான அடர்த்தி. அதாவது அந்த அளவில் மீதி ஐம்பது பேர் அசைவார்கள். விளக்கத்திலேயே அது அடக்கம். அசையாமை மூளை மயங்கியதன் அடையாளம் என்றுதான் வெகுகாலம் எல்லாரும் எடுத்துக்கொண்டார்கள். 1993-இல் கலிஃபோர்னியாவில் ஜோசப் ஆன்டோக்னினி ஆடுகளை வைத்து ஒரு சோதனை செய்தார். தலைக்குப் போகும் ரத்தத்தையும் உடம்புக்குப் போகும் ரத்தத்தையும் பிரித்துவிட்டு, வாயுவைத் தலைக்கு மட்டும் கொடுத்துப் பார்த்தார். ஆடு அசையாமல் இருக்க வழக்கமானதைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல் தேவைப்பட்டது. அதே வருஷம் ஐரா ராம்பில் எலிகளில் முன்மூளையை நீக்கிவிட்டுப் பார்த்தார். தேவைப்பட்ட அளவு மாறவே இல்லை. அசைவதும் அசையாததும் பெரும்பாலும் தண்டுவடத்தின் வேலை. மேலே இருக்கும் ஆளுக்கும் அதற்கும் சம்பந்தம் குறைவு. தலை போன கோழி ஓடுவதைப் பார்த்தவர்களுக்கு இது புதுசில்லை.

ஆக, நோயாளி அசைவது வலிக்குச் சாட்சி இல்லை. அசையாதது வலியின்மைக்குச் சாட்சி இல்லை. பிறகு நாங்கள் எதைத்தான் பார்க்கிறோம்?

பழைய வழி நாலு: பல்ஸ், பிபி, வியர்வை, கண்ணீர். 1984-இல் எவன்ஸ் என்பவர் இந்த நான்குக்கும் மதிப்பெண் போட்டுக் கூட்டும் ஒரு முறையை எழுதினார். நாங்கள் கூட்டிப் பார்ப்பதில்லை, ஆனால் கண் தானாக அங்கே போகும். சர்ஜன் கத்தியை எடுக்கும்போது என் கண் கத்தியில் இருக்காது, மானிட்டரில் இருக்கும். 72 இருந்த பல்ஸ் 95-க்குப் போனால் ஒரு கை ஃபென்டனில் சிரிஞ்சை நோக்கிப் போய்விடும். கண்ணை ஒட்டியிருக்கும் பிளாஸ்திரியின் ஓரம் ஈரமாக இருந்தால் அதுவும் ஒரு சேதி. மயங்கிக் கிடப்பவர் கண்ணோரம் கண்ணீரைப் பார்ப்பது எத்தனை வருஷமானாலும் பழகாது. அழுகை இல்லை அது, நரம்பின் எதிர்வினை என்று தெரிந்தாலும்.

மாமா நினைத்ததுபோல ஆபரேஷனில் மிகக் கடுமையான கணம் கத்தி படுவது இல்லை. அதற்கு முன்பே, லாரிங்கோஸ்கோப்பால் நாக்கைத் தூக்கி மூச்சுக்குழாய்க்குள் நான் டியூப் வைக்கிறேனே, அதுதான். பல்ஸும் பிபியும் பலருக்கும் உச்சத்துக்குப் போவது அப்போதுதான். அடுத்து லேப்ராஸ்கோபியில் வயிற்றுக்குள் கரியமில வாயுவை ஊதிப் பெருக்கும் நேரம். இடையில் சர்ஜன் பொறுமையாகப் பித்தப்பையை ஈரலிலிருந்து பிரித்துக்கொண்டிருக்கும் போது ஒன்றுமே நடக்காததுபோல் இருக்கும். வலி மருந்தை மணிக்கு இவ்வளவு என்று அளந்து ஊற்றினால் உச்சத்தில் போதாது, சமவெளியில் அதிகம்.

இந்த நாலு அடையாளங்களிலும் ஒரு ஓட்டை இருக்கிறது. பல்ஸ் ஏற வலிச் சேதி ஒன்றுதான் காரணம் என்பதில்லை. ரத்தம் குறைந்தாலும் ஏறும். காய்ச்சலில் ஏறும். கிளைகோபைரோலேட் ஊசி போட்டால் ஏறும். ஏறாததற்கும் காரணங்கள் உண்டு. கடைசியில் அதற்கு வருகிறேன்.

"அப்ப டெஸ்டர் மாதிரி ஒண்ணு கிடையாதா? வச்சா எரியும், இல்லைன்னா எரியாது?"

கண்டுபிடிக்கத்தான் முயற்சி நடக்கிறது. தூக்கத்தின் ஆழத்துக்கு ஏற்கனவே ஒரு கருவி வந்துவிட்டது: நெற்றியில் பட்டை ஒட்டி மூளை அலைகளைப் படித்து 0 முதல் 100 வரை எண்ணாகக் காட்டும் பிஸ் மானிட்டர். 40-க்கும் 60-க்கும் நடுவில் இருந்தால் திருப்தி. அது பல்பைப் பார்க்கிற கருவி. லைனைப் பார்க்கிற கருவிகள் கடந்த இருபது வருஷத்தில்தான் வர ஆரம்பித்தன.

கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு வாங்கிய விரல் மாட்டி ஞாபகம் இருக்கிறதா? ஆக்ஸிஜன் பார்த்தோமே, அதுவேதான் முதல் கருவிக்கும் அடிப்படை. வலிச் சேதி ஏறினால் விரல் நுனி ரத்தக்குழாய்கள் சுருங்கும். திரையில் ஓடும் பல்ஸ் அலையின் உயரம் குறையும். இதயத் துடிப்பின் இடைவெளியும் குறுகும். இரண்டையும் எடுத்து, அலை உயரத்துக்கு 70 பங்கும் துடிப்பு இடைவெளிக்கு 30 பங்கும் எடை கொடுத்துக் கணக்கிட்டால் ஒரு எண் வரும். சர்ஜிகல் பிளெத் இண்டெக்ஸ் என்று பெயர். ஃபின்லாந்து ஆய்வாளர்கள் 2007-இல் வெளியிட்டது. நூறை நோக்கி ஏறினால் ஆபத்து.

இரண்டாவது, வட பிரான்ஸின் லீல் நகரில் பிறந்தது. மூச்சை இழுக்கும்போது நம் இதயம் சற்று வேகமாகவும் விடும்போது சற்று மெதுவாகவும் துடிக்கிறது. நிம்மதியாக இருக்கும்போது இந்த ஊசலாட்டம் நன்றாகத் தெரியும். சேதி வந்து மோதினால் தட்டையாகிவிடும். மயக்கத்தில் வென்டிலேட்டர் மூச்சு விட்டாலும் இந்த ஆட்டம் இருக்கிறது. அதை அளந்து எண்ணாக்குகிறார்கள். இதில் நூறுதான் நல்லது, குறைந்தால் ஆபத்து. ஒரு கருவியில் நூறு கெட்டது, இன்னொன்றில் நூறு நல்லது! நடுராத்திரி எமர்ஜென்சியில் தூக்கக் கண்ணோடு நிற்கிற டாக்டரை நினைத்து யாராவது ஒருவர் இறங்கி வந்து பேசியிருக்கலாம்.

மூன்றாவது இஸ்ரேலில் இருந்து: நோல். விரலில் மாட்டும் ஒரே உறைக்குள் நாலு உணரி. ரத்த அலை, தோலின் மின் கடத்தல், வெப்பம், அசைவு. எல்லாவற்றையும் கலந்து 0 முதல் 100 வரை. 25-க்குக் கீழே இருக்க வேண்டும். தோலின் மின் கடத்தல் என்றதும் மாமா நிமிர்ந்து உட்கார்ந்தார். உள்ளங்கை வியர்த்தால் தோல் கரண்டை நன்றாகக் கடத்தும் என்பதை அவருக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

எனக்குத் தனிப்பட்ட முறையில் பிடித்தது கண் பாப்பா. கெடல் பார்த்ததையே இப்போது அகச்சிவப்புக் கேமராவால் மில்லிமீட்டர் துல்லியமாக அளக்கிறார்கள். ஃபென்டனில், மார்ஃபின் கொடுத்தால் பாப்பா ஊசித் துளையாகச் சுருங்கும். கையில் லேசாக மின்தூண்டல் கொடுத்துப் பார்த்து, பாப்பா விரிந்தால் லைன் திறந்திருக்கிறது, விரியாவிட்டால் அடைத்திருக்கிறது. கத்தி வைப்பதற்கு முன்பே சோதித்துவிடலாம் என்பது இதன் அழகு. ஒவ்வொரு தடவையும் நோயாளியின் இமையைத் திறக்க வேண்டும், தொடர்ந்து பார்க்க முடியாது என்பது இடைஞ்சல்.

இவற்றால் பலன் உண்டா? நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழக மருத்துவமனையில் நோல் எண்ணைப் பார்த்து மருந்து கொடுத்தவர்களுக்கு, முழித்தபின் வலி பத்துக்கு ஒன்றரைப் புள்ளி போலக் குறைவாக இருந்தது. 2020-இல் வெளியான சிறிய ஆய்வு. வித்தியாசமே இல்லை என்று சொன்ன ஆய்வுகளும் உண்டு. என் தீர்ப்பைக் கேட்டால், இவை எதுவும் வலிமானி இல்லை. எல்லாமே தானியங்கி நரம்பு மண்டலத்தின் நிழலைத்தான் அளக்கின்றன. விரல் சில்லிட்டுப்போனால் அலை குறையும். எங்கள் தியேட்டர் ஏசியில் எந்த விரல்தான் சில்லிடாது? பேஸ்மேக்கர் வைத்தவருக்கு இதயத் துடிப்பை நம்பிய கணக்கு உதவாது. அட்ரோப்பின் போட்டால் வியர்வையும் வராது. என்றாலும் வெறும் பல்ஸையும் பிபியையும் மட்டும் பார்ப்பதைவிட இவை சீக்கிரம் சொல்லும், கூடுதலாகச் சொல்லும். கிடைத்தால் வைத்துக்கொள்வேன். நான் வேலை பார்த்த இடங்களில் கிடைக்கவில்லை. நம் ஊர்ச் சிறிய மருத்துவமனைகளில் ஃபென்டனிலே எப்போதும் கைக்கு வராது. போதை மருந்துச் சட்டத்தின் கீழ் கணக்கு வைக்க வேண்டிய மருந்து, காலி ஆம்பூலைக்கூட எண்ணித் திருப்ப வேண்டும்.

"வலி மருந்தைக் கொஞ்சம் தாராளமா ஊத்திட்டா போச்சு. இத்தனை கருவி எதுக்கு?" என்று என் அம்மா உள்ளிருந்து கேட்டாள். கேட்கவேண்டிய கேள்விதான். தாராளமாக ஊற்றினால் ஆபரேஷன் முடிந்தபின் மூச்சு விட மறந்து கிடப்பார்கள். வாந்தி வரும். வயதானவர்களுக்குப் பிபி தரைக்கு இறங்கும். ரெமிஃபென்டனில் போன்ற மருந்தை அதிகம் கொடுத்தால் முழித்தபின் வலி கூடுகிற விசித்திரமும் நடக்கிறது. வோல்டேஜ் எகிறினாலும் மோட்டார் போகும், குறைந்தாலும் மோட்டார் போகும் என்று மாமா அம்மாவுக்கு விளக்கினார்.

இவை எல்லாவற்றையும்விட நேரான ஒரு வழி இருக்கிறது. அசைய முடியாதவரிடம் ஒரு கையை மட்டும் அசைய விட்டு வைப்பது. ஸ்காட்லாந்தின் அபர்டீனில் மைக்கேல் டன்ஸ்டால் 1977-இல் எழுதியது இது. தசை தளர்த்தி கொடுக்கும் முன் ஒரு கையில் பிபி பட்டையை இறுக்கிவிட்டால் மருந்து அந்தக் கைக்குப் போகாது. உடம்பு முழுக்க செயலற்றுக் கிடந்தாலும் அந்தக் கை மட்டும் உயிரோடு இருக்கும். காதருகே குனிந்து, "நான் சொல்றது கேட்டா என் கையை அழுத்துங்க" என்று சொல்ல வேண்டும்.

2017-இல் வெளியான பன்னாட்டு ஆய்வு ஒன்றில் டியூப் வைத்ததை ஒட்டி 260 பேரிடம் இப்படிக் கேட்டார்கள். 12 பேர் கையை அழுத்தினார்கள். வலிக்கிறதா என்று கேட்டபோது அந்த 12 பேரில் 5 பேர் ஆமாம் என்று மறுபடி அழுத்தினார்கள். முழித்தபின் விசாரித்தால் ஒருவருக்கும் எதுவும் நினைவில் இல்லை.

மாமா டம்ளரைக் கீழே வைத்தார். "நினைவில்லைன்னா அது நடந்ததா, நடக்கலையா?"

இந்தக் கேள்விக்கு நான் இன்னும் பதில் வைத்திருக்கவில்லை. நடந்தது என்றுதான் என் மனசு சொல்கிறது. அந்த நேரத்தில் ஒரு கை அழுத்தியதே. பிறகு மறந்துவிடுவார் என்பதற்காக அந்த நிமிஷத்தை விட்டுவிட எனக்கு உரிமை கிடையாது. உடனே மருந்தைக் கூட்ட வேண்டும். அவர்களும் அதைத்தான் செய்தார்கள். நினைவோடு முழித்தவர்கள் கணக்கு வேறு, மிகக் குறைவு: பிரிட்டனிலும் அயர்லாந்திலும் 2014-இல் வெளியான பெரிய கணக்கெடுப்பில், தானாகச் சொன்னவர்கள் ஏறத்தாழ 19,000 மயக்கத்துக்கு ஒருவர். தசை தளர்த்தி கொடுத்தவர்களில் 8,000-க்கு ஒருவர், கொடுக்காதவர்களில் 1,36,000-க்கு ஒருவர். அவர்களில் பலரை உலுக்கியது வலியைவிட, அசைய முடியவில்லையே என்ற திகில். இதைச் சொன்னதும் மாமா முகம் மாறியது. அதனால் திரும்பவும் சொன்னேன்: பத்தொன்பதாயிரத்துக்கு ஒன்று, மாமா. நீங்கள் கம்பத்தில் ஏறி இறங்கியதைவிட எவ்வளவோ பத்திரம்.

கைகூட அழுத்தத் தெரியாதவர்கள் இருக்கிறார்கள். இதைச் சொல்லாமல் விட முடியவில்லை. 1980-களின் நடுவரை மேலை நாடுகளின் பல நல்ல மருத்துவமனைகளிலேயே, குறைமாதக் குழந்தைகளுக்குத் தசை தளர்த்தியும் கொஞ்சம் நைட்ரஸ் ஆக்சைடும் மட்டும் கொடுத்து நெஞ்சைத் திறந்தார்கள். ஃபென்டனில் பச்சைக் குழந்தைக்கு ஆபத்து என்று பயம். நரம்புகளின் மேலுறை இன்னும் வளரவில்லை, ஆகவே வலிச் சேதி போகாது என்று ஒரு நம்பிக்கை. பெரியவர்களிடமே வலிச் சேதி கொண்டுபோகும் மெல்லிய நரம்புகளில் பெரும்பகுதிக்கு உறை கிடையாது என்பது அப்போதே தெரிந்த விஷயம்.

"உறையில்லாட்டி கரண்ட் போகாதா? யாரும்மா சொன்னது?" மாமாவுக்குக் கோபமே வந்துவிட்டது. "ரோட்ல போற எங்க லைன் அத்தனையும் வெறும் கம்பிதானே!"

இந்தூரில் எம்.பி.பி.எஸ். முடித்து ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போன கன்வல்ஜீத் ஆனந்த் என்ற இந்திய டாக்டர்தான் இதை உடைத்தார். ஆபரேஷனிலிருந்து திரும்பும் குழந்தைகளின் நிலையைப் பார்த்துச் சந்தேகப்பட்டார். குழந்தை அசையாது, அழாது. அவர் ரத்தத்தைக் கேட்டார். இதயத்தருகே மூடாமல் இருந்த ரத்தக்குழாயைக் கட்டும் ஆபரேஷனுக்கு வந்த குறைமாதக் குழந்தைகளைச் சீட்டுப்போட்டு இரண்டாகப் பிரித்தார். ஒரு பாதிக்கு ஃபென்டனில் சேர்த்தார், மற்றப் பாதிக்கு அன்றைய வழக்கப்படி. ஃபென்டனில் இல்லாத குழந்தைகளின் ரத்தத்தில் இன்னல் ஹார்மோன்கள் பொங்கியிருந்தன. ஆபரேஷனுக்குப் பின் சிக்கல்களும் அவர்களுக்கே கூடுதல். 1987-இல் லான்செட் இதழில் வந்தது. அதன்பின் சில வருஷங்களில் உலகம் முழுக்க வழக்கம் மாறியது. வலியைக் கண்காணிக்கும் கருவி என்று நான் ஒன்றுக்குப் பரிசு தருவதானால், அந்தச் சின்னஞ்சிறு ரத்தக் குப்பிகளுக்குத் தருவேன்.

இருட்டிவிட்டது. மாமி வாசலில் வந்து நின்று, "சாயங்காலம் மாத்திரை போட்டீங்களா?" என்று குரல் கொடுத்தார்.

"டீயோட போட்டுட்டேன்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. "என்ன மாத்திரை மாமா?"

"அது சின்ன மாத்திரைம்மா. படபடப்புக்கு. ரெண்டு வருஷமா போடறேன்." சட்டைப் பையிலிருந்து அட்டையை எடுத்துக் காட்டினார். மெட்டோப்ரோலால். போன வாரம் மருத்துவமனையில் மயக்க மருந்து டாக்டர் என்னென்ன மாத்திரை என்று கேட்டபோது சர்க்கரை மாத்திரையை மட்டும் சொல்லியிருக்கிறார். இதையெல்லாமா சொல்வது என்று விட்டுவிட்டாராம்.

முன்னால் சொன்னேனே, பல்ஸ் ஏறாமலிருக்கக் காரணங்கள் உண்டு என்று. இது முதல் காரணம். மெட்டோப்ரோலால், அட்டெனோலால் வகை மாத்திரைகள் இதயத்தைக் கட்டிப்போடும். உள்ளே சேதி எவ்வளவு மோதினாலும் பல்ஸ் 64-இலேயே நிற்கும். திரையைப் பார்க்கிற டாக்டர் எல்லாம் அமைதி என்று நினைப்பார். விரல் கருவியின் எண்ணும் பொய் சொல்லக்கூடும். டெஸ்டரில் பல்பு ஃபியூஸ் போயிருந்தால் லைன் செத்துப்போச்சு என்றா அர்த்தம்? இந்த ஒரு கேள்வியை மாமாவிடமே கேட்டேன். பதில் சொல்லவில்லை. மாத்திரை அட்டையைக் கண்ணாடி போட்டுக்கொண்டு முதல் தடவையாகப் படித்தார்.

மாத்திரையை நிறுத்தச் சொல்லவில்லை. திடீரென நிறுத்துவது இதயத்துக்குக் கெடுதல். இருக்கிறது என்று தெரிந்தால் டாக்டர் பல்ஸை நம்பாமல் மற்றதைப் பார்ப்பார். அவ்வளவுதான் வேண்டியது. வியாழக்கிழமை மயக்கம் கொடுக்கப்போவது நான் இல்லை, வேறு ஒருவர். அவருக்கு இந்த அட்டையைப் பார்க்காமல் தெரியாது. உங்கள் வீட்டிலும் யாராவது ஆபரேஷனுக்குப் போவதாக இருந்தால், போடுகிற மாத்திரை, விடுகிற கண் சொட்டு, நாட்டு மருந்து எதுவானாலும் அட்டையோடும் பாட்டிலோடும் ஒரு பையில் போட்டுக் கையில் கொடுத்தனுப்புங்கள். பெயரைச் சொல்லத் தெரியாவிட்டால் பரவாயில்லை.

மாமா கிளம்பும்போது கேட்டார்: "வியாழக்கிழமை காலைல இதை டீயோட போட்டுக்கலாமா?"

"தண்ணியோட, ஒரே வாய். அதையும் நாளைக்கே அந்த டாக்டருக்கு ஃபோன் போட்டுக் கேட்டுக்குங்க. பால் ஊத்தின டீ ஆபரேஷனுக்கு ஆறு மணி நேரம் முன்னாடியே நிறுத்திடணும், மாமா."